பாதி வந்த டேட்டாவுக்குப் பூஜ்யம் போட்டு நிரப்பலாமா?

நெட்வொர்க் வழியாக ஒரு பெரிய போல்டரைக் காப்பி செய்கிறீர்கள். பச்சைக் கோடு நூறு சதவிகிதத்தைத் தொட்டுவிட்டு மறைகிறது. சந்தேகப் பேர்வழியாக இருந்தால் இரண்டு பக்கமும் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவைத் திறந்து, பைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கின்றனவா எனப் பார்ப்பீர்கள். ஒன்றாக இருந்தால் போதும், பழைய டிஸ்க்கை பார்மட் செய்துவிடலாம் என்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் நம்பிக்கை. இந்த நம்பிக்கை சில நேரங்களில் பொய்த்துப் போகிறது. அப்போது நாம் ஹார்ட் டிஸ்க்கைத் திட்டுவோம், வைரஸைத் திட்டுவோம். உண்மையில் நெட்வொர்க் டிரைவைக் கையாளும் சாப்ட்வேரை எழுதியவர் எடுத்த ஒரு சின்ன முடிவே காரணமாக இருக்கக்கூடும். அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. ஏன் எனச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு புரோகிராம் நெட்வொர்க்கில் உள்ள ஒரு பைலிலிருந்து 1 எம்.பி. டேட்டா கேட்கிறது என வைத்துக் கொள்வோம். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்குள் 1,500 பைட் வரைதான் போகும். முகவரி விவரங்களுக்கான இடம் போக டேட்டாவுக்குக் கிடைப்பது சுமார் 1,460 பைட். எனவே அந்த 1 எம்.பி. சுமார் 720 பாக்கெட்டுகளாக வந்து சேர வேண்டும். வழியில் ஒன்று தொலைந்தால் டி.சி.பி. அதைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடும். வரிசை மாறினாலும் அடுக்கிக் கொடுத்துவிடும். அதனால் "வைபை சிக்னல் குறைவு, பாக்கெட் தொலைந்தது, பைல் கெட்டது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டி.சி.பி. என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி. எங்கே ஒரு குடம் முடிந்து அடுத்த குடம் தொடங்குகிறது என்பது குழாய்க்குத் தெரியாது. "65,536 பைட் கொடு" என நீங்கள் கேட்டால், அந்த நொடியில் வந்து சேர்ந்தது 26,000 பைட் என்றால், 26,000 பைட்டைக் கொடுத்துவிட்டு "இவ்வளவுதான் இப்போது" என ஒரு எண்ணையும் திருப்பிச் சொல்லும். சி மொழியில் ரீட் என்ற பங்ஷன் திருப்பித் தரும் அந்த எண்ணை எங்கள் கல்லூரி லேபில் பெரும்பாலானவர்கள் கண்டுகொண்டதே இல்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க அது தேவைப்படவில்லை!

இதில் ஒரு நியாயமும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் டிஸ்க்கில் ஒரு சாதாரண பைலைப் படிக்கும்போது, பைல் முடியும் இடம் தவிர, கேட்ட அளவு முழுமையாகவே கிடைத்துவிடும். பல ஆண்டுகளாகப் புரோகிராம்கள் இந்தப் பழக்கத்தில்தான் எழுதப்பட்டுள்ளன. பிறகு நெட்வொர்க் டிரைவ் வந்தது. அதன் சிறப்பே, அது நெட்வொர்க் என்பது அப்ளிகேஷனுக்குத் தெரியாமல் இருப்பதுதான். லினக்ஸில் இந்த வித்தையைச் செய்வது கெர்னலுக்குள் இருக்கும் ஸ்டோரேஜ் கிளையண்ட். என்.எப்.எஸ்., விண்டோஸ் ஷேர்களுக்கான எஸ்.எம்.பி. எல்லாம் இந்த வகை. அப்ளிகேஷன் பாட்டுக்குப் பைலைத் திறக்கிறது. கீழே கிளையண்ட் சர்வருடன் பேசுகிறது. எனவே "கேட்டது முழுதாக வந்ததா" என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் இந்தக் கிளையண்ட்டின் தலையில் விழுகிறது.

குறைவு இரண்டு வகையில் வரும். முதலாவது, மேலே சொன்ன குழாய்த் தண்ணீர்க் குறைவு. சர்வர் முழு பதிலையும் அனுப்பிவிட்டது, வழியில் வந்து கொண்டிருக்கிறது. இதற்கு மருந்து எளிது: குடம் நிறையும் வரை லூப் போட்டுப் பிடித்துக் கொண்டே இருக்க வேண்டும். கெர்னல் கிளையண்ட்கள் இதைச் சரியாகவே செய்கின்றன. இரண்டாவது வகைதான் தலைவலி. சர்வரே "நீ கேட்டது 65,536, நான் தருவது 26,329, அவ்வளவுதான்" எனப் பதிலை முடித்துவிடும். இது விதிமீறல் அல்ல. சர்வரில் டிஸ்க்கின் நடுவில் ஓர் இடம் படிக்க முடியாமல் போயிருக்கலாம். மெமரி பற்றாக்குறை இருக்கலாம். ஒரே முறையில் தரக்கூடிய அளவுக்கு அதற்கு ஒரு வரம்பு இருக்கலாம். அல்லது வேறு யாரோ அந்த நேரத்தில் பைலையே குறுக்கியிருக்கலாம்.

இந்தக் கடைசிக் காரணத்தால்தான் கேள்வி சிக்கலாகிறது. குறைவாக வந்தால் அது "பைல் முடிந்துவிட்டது" என்பதா, அல்லது "மீதி இருக்கிறது, மறுபடி கேள்" என்பதா? சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் உருவாக்கிய என்.எப்.எஸ்., அதன் 2ஆவது பதிப்பில் இதற்குத் தனியாகப் பதில் சொல்லவில்லை. பைலின் மொத்த அளவையும் கூடவே அனுப்பும். கிளையண்ட் கணக்குப் போட்டுக் கொள்ள வேண்டியதுதான். 1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான 3ஆவது பதிப்பின் வரையறையில், ஒவ்வொரு பதிலிலும் எத்தனை பைட் என்ற எண்ணும், "பைல் முடிந்தது" என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்ற கொடியும் சேர்க்கப்பட்டன. ஒரே ஒரு கொடி! குறைவாக வந்து, கொடியும் "இல்லை" என்றால், விட்ட இடத்திலிருந்து கிளையண்ட் மறுபடி கேட்க வேண்டும். லினக்ஸ் கிளையண்ட் அதைத்தான் செய்கிறது. எத்தனை முறை இப்படிக் குறைவாக வந்தது என்று ஒரு கணக்கும் வைத்துக் கொள்கிறது. ப்ராக் போல்டரில் உள்ள மவுண்ட்ஸ்டாட்ஸ் என்ற பைலைத் திறந்தால் அந்த எண்ணை நீங்களும் பார்க்கலாம். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, பூஜ்யம் எங்கே வருகிறது? கெர்னல் மெமரியைப் பக்கம் பக்கமாகத்தான் கையாளும். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரு பக்கம் 4,096 பைட். 10,000 பைட் உள்ள ஒரு பைலுக்கு மூன்று பக்கங்கள், அதாவது 12,288 பைட் இடம் வேண்டும். மிஞ்சும் 2,288 பைட்டில் முன்பு அந்த மெமரியில் இருந்த யாருடைய பாஸ்வேர்டாவது கிடக்கலாம். அதை அப்படியே விட முடியாது. எனவே பூஜ்யம் போட்டு அழிக்கிறார்கள். பைலின் உண்மையான முடிவுக்குப் பின்னால் இப்படிச் செய்வது சரி, அவசியமும் கூட. ஆனால் பைலின் நடுவில், சர்வர் குறைவாகக் கொடுத்த இடத்தில், அதே பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிட்டு "வேலை முடிந்தது" என்று சொன்னால்? அளவு சரியாக இருக்கும். பெயர் சரியாக இருக்கும். தேதி சரியாக இருக்கும். உள்ளே ஓட்டை இருக்கும்.

இப்படி யாராவது செய்வார்களா என நினைக்கலாம். கெர்னலுக்கு வெளியே, சாதாரண புரோகிராமாகவே ஒரு பைல் சிஸ்டத்தை எழுத உதவும் பியூஸ் என்ற அமைப்பு லினக்ஸில் உண்டு. 2005 அக்டோபரில் வந்த 2.6.14 கெர்னலில் சேர்க்கப்பட்டது. என்.டி.எப்.எஸ். டிஸ்க்கை லினக்ஸில் திறக்கப் பலரும் பயன்படுத்திய என்.டி.எப்.எஸ்.-3ஜி இதன் மேல்தான் ஓடுகிறது. கிளவுட் டிரைவ்களை போல்டர் போலக் காட்டும் புரோகிராம்களில் பலவும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. இதன் லைப்ரரி குறிப்பிலேயே தெளிவாக ஒரு விதி இருக்கிறது: படிக்கும் பங்ஷன் கேட்ட அளவைச் சரியாகத் தர வேண்டும்; பைல் முடிவோ பிழையோ தவிர வேறு காரணத்தால் குறைத்துத் தந்தால் மீதி பூஜ்யத்தால் நிரப்பப்படும். கேஷ் இல்லாத நேரடி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் விலக்கு. ஆக, பியூஸ் மேல் நெட்வொர்க் டிரைவ் எழுதுபவர் இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டால், அவருடைய சோம்பலுக்கு உங்கள் கல்யாண ஆல்பம் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பியூஸையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அதன் மேல் எவ்வளவு பெரிய வேலையைச் செய்யலாம் என்பதைக் காட்டியவர்களில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். இதே கிழக்குக் கடற்கரைப் பக்கம் தெற்கே போனால் வரும் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, 2005இல் தொடங்கிய நிறுவனம்தான் க்ளஸ்டர். (க்னூ, கிளஸ்டர் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதுதான் வேடிக்கை.) பல கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிரைவாகக் காட்டும் அந்தப் பைல் சிஸ்டத்தின் கிளையண்ட், கெர்னலுக்குள் போகாமல் பியூஸ் வழியாக ஓடியது. கெர்னலுக்குள் ஒரு தவறு நேர்ந்தால் கம்ப்யூட்டரே விழும். வெளியே என்றால் அந்த ஒரு புரோகிராம் மட்டும் விழும் என்பது இதற்கான வாதம். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ், கெர்னலுக்கு வெளியே எழுதப்படும் பைல் சிஸ்டங்கள் பொம்மைகளுக்குத்தான் சரிப்படும் என்ற பொருளில் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் க்ளஸ்டரைச் சுமார் 13.6 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. விலை உயர்ந்த பொம்மைதான்! என்னைக் கேட்டால் உள்ளேயா வெளியேயா என்பது இரண்டாவது கேள்வி. குறைவாக வந்ததைக் குறைவு என்று சொல்கிறதா என்பதே முதல் கேள்வி.

இது ஏதோ சர்வர் அறையில் இருப்பவர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது. கல்பாக்கம் நகரியத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த சார், ஓய்வு பெறும் நேரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவரிடம் ஒரு நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் பெட்டி. அதில் பதினைந்து வருடப் போட்டோக்கள், சுமார் 3,100. புதிதாக ஒரு பெட்டி வாங்கி, பழையதிலிருந்து தானாக இழுத்துக் கொள்ளும் வசதியைப் பயன்படுத்தி எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். பழையதை பார்மட் செய்து மைத்துனருக்குக் கொடுப்பதாகத் திட்டம். அதற்கு முதல் நாள் மகளின் வளைகாப்புப் போட்டோ ஒன்றைத் திறந்தால், மேல் பாதி சரியாக இருக்கிறது. கீழே ஒரு பட்டை மொட்டையாக, அதற்கும் கீழே எல்லோரும் இடம் பெயர்ந்து, பச்சை நிறத்தில் நிற்கிறார்கள்.

"தம்பி, சைஸ் எல்லாம் சரியாத்தானே இருக்கு, அப்புறம் எப்படி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தேன். 18,61,337ஆவது பைட்டிலிருந்து வரிசையாகப் பூஜ்யம். தொடங்கிய இடத்தில் எந்த ஒழுங்கும் இல்லை. ஆனால் முடிந்த இடம் சரியாக 19,00,544. அதாவது 65,536 பெருக்கல் 29. அதற்குப் பிறகு மறுபடி நல்ல டேட்டா. கெட்டுப் போன மற்றப் போட்டோக்களிலும் இதே கதை: தொடக்கம் எங்கேயோ, முடிவு மட்டும் 65,536இன் மடங்கில். டிஸ்க் கெட்டுப் போனால் இப்படி ஒழுங்காகக் கெடாது. ஒரு துண்டு குறைவாக வந்திருக்கிறது, மிச்சத்தை யாரோ நிரப்பியிருக்கிறார்கள் என்று ஊகிப்பதுதான் இந்தத் தடயத்துக்குப் பொருந்துகிறது. பழைய பெட்டியில் அதே பைல்கள் நன்றாகவே இருந்தன. புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு லேன் வயர் வாங்கி, லேப்டாப்பை நேரடியாக இணைத்து, எல்லாவற்றையும் ஒப்பிட்டதில் 17 பைல்கள் மாறியிருந்தன. மறுபடி காப்பி செய்ததில் பதினேழும் முழுதாக வந்துவிட்டன. புதிய பெட்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கு விவரமாக எழுதினோம். "உங்கள் வைபை சிக்னல் குறைவாக இருக்கலாம்" என்று பதில் வந்தது.

நான் இதையெல்லாம் விளக்கியபோது சார் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. அவர் வேலை பார்த்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில். "எங்க மீட்டர்ல பூஜ்யம்னா 4 மில்லியாம்பியர் தம்பி. வயர்ல 0 வந்தா, அளவு பூஜ்யம்னு அர்த்தம் இல்ல, வயர் அறுந்திருக்குன்னு அர்த்தம். உங்க ஆளுங்களுக்கு இது தெரியாதா?" என்றார். தொழிற்சாலைகளில் சென்சாரிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு அளவுகளை அனுப்ப 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டத்தைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். குறைந்தபட்ச அளவுக்கே 4 மில்லியாம்பியர் ஓட வேண்டும். எனவே "அளவு பூஜ்யம்" என்பதும் "எனக்குத் தெரியவில்லை" என்பதும் ஒருபோதும் ஒன்றாகிவிடாது. நாங்கள் சாப்ட்வேரில் என்ன செய்கிறோம்? தெரியாததையும் பூஜ்யத்தையும் ஒரே எழுத்தில் எழுதுகிறோம்.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இதை ஒப்புக் கொள்வதே இல்லை. "மீதி வரும் வரை கிளையண்ட் விடாமல் கேட்டுக் கொண்டே இருந்தால், சர்வர் செத்துப் போனால் என்ன ஆகும்? விண்டோ உறைந்து நிற்கும். வீட்டில் இருப்பவர் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார். அதில் கெட்டுப் போவது இன்னும் அதிகம்" என்பார். உறைந்து நிற்பது உண்மைதான். என்.எப்.எஸ். மவுண்ட் செய்யும்போது ஹார்ட், சாப்ட் என இரண்டு முறைகள் உண்டு. ஹார்ட் என்றால் சர்வர் திரும்பி வரும் வரை, எத்தனை மணி நேரமானாலும், காத்திருக்கும். சாப்ட் என்றால் சில முறை முயன்றுவிட்டு அப்ளிகேஷனிடம் பிழை என்று சொல்லிவிடும். சாப்ட் முறையில் சில நேரங்களில் டேட்டா சத்தமில்லாமல் கெட்டுப் போகலாம் என அதன் கையேடே எச்சரிக்கிறது. பிழை என்று சொல்லப்பட்டதை எல்லா அப்ளிகேஷன்களும் காதில் போட்டுக் கொள்வதில்லை அல்லவா! ஆனால் நண்பரின் வாதம் காத்திருப்பதா கைவிடுவதா என்பது பற்றியது. நான் சொல்வது வேறு. காத்திருங்கள், அல்லது பிழை என்று சொல்லுங்கள். இரண்டில் எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். மூன்றாவதாக, இல்லாததை இருப்பதாகக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு நெட்வொர்க் பைல் சிஸ்டமும் குறைவாக வரும் டேட்டாவைத் தன் தன் பாணியில் கையாண்டது. 2021 ஜூனில் வந்த லினக்ஸ் 5.13இல் நெட்எப்எஸ் என்ற பொது லைப்ரரி சேர்க்கப்பட்டது. ஏ.எப்.எஸ்., செப் போன்றவை முதலில் அதற்கு மாறின. விண்டோஸ் ஷேர்களுக்கான கிளையண்ட் 2024 ஜூலையில் வந்த 6.10இல் மாறியது. அதன் முதல் பதிப்பில் இருந்த விதியைப் படித்தபோது யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒரு துண்டு குறைவாக வந்தால், "மீதியை அழித்து நிரப்பலாம்" என்று அந்தப் பைல் சிஸ்டம் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் மட்டுமே பூஜ்யம் போடும். இல்லாவிட்டால் விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்கும். கொஞ்சமாவது முன்னேற்றம் இருந்தால் தொடர்ந்து கேட்கும். இரண்டு முறை தொடர்ச்சியாக ஒரு பைட் கூட வரவில்லை என்றால், டேட்டா இல்லை எனப் பிழை சொல்லிவிடும். உறைவதும் இல்லை, பொய்யும் இல்லை. நண்பரின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

ஆனால் கடையில் விற்கும் பெட்டிகளில் எந்தக் கெர்னல் இருக்கிறது, அதன் மேல் நிறுவனத்தார் சொந்தமாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. அட்டைப் பெட்டியின் மேல் எத்தனை டி.பி., எத்தனை எம்.பி. வேகம் என்று போடுகிறார்கள். வேகத்தை யார் கேட்டார்கள்? காப்பி முடிந்ததும் "3,100 பைல், 17இல் மறுமுயற்சி தேவைப்பட்டது, எல்லாம் சரி" என ஒரு வரி காட்டினால் போதும். எண்ணுவதற்கு ஒரு கவுண்ட்டர், காட்டுவதற்கு ஒரு வரி. இதற்குப் புது ஹார்டுவேர் எதுவும் தேவையில்லை.

அது வரும் வரை நாமே பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் 7-ஜிப் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால், எந்தப் போல்டரின் மேல் ரைட் கிளிக் செய்தாலும் சி.ஆர்.சி. மற்றும் எஸ்.எச்.ஏ. கணக்கிடும் மெனு ஒன்று கிடைக்கும். பழைய போல்டருக்கு ஒரு முறை, புதிய போல்டருக்கு ஒரு முறை கணக்கிட்டு, வரும் நீண்ட எண்ணை ஒப்பிடுங்கள். ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் எண் மாறிவிடும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காப்பி முடிந்த கையோடு கணக்கிட்டால், கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போகாமல் தன் கேஷ் மெமரியில் இருப்பதையே மறுபடி படித்துக் காட்டக்கூடும். பூஜ்யம் போட்டு நிரப்பிய பக்கம் அந்தக் கேஷிலேயே இருந்தால், இரண்டு எண்ணும் அழகாக ஒத்துப் போகும்! எனவே கம்ப்யூட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, வைபையை விட்டுவிட்டு லேன் வயர் வழியாகக் கணக்கிடுங்கள். சாரின் 3,100 போட்டோக்களுக்கு அரை மணி நேரம் ஆனது. உங்களிடம் வீடியோக்கள் நிறைய இருந்தால் இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.